புல்லு சாரும் நல்ல தண்ணீர்க் கிணறும்

எங்கள் தெருவில் யார் யாருடைய மனைவி, யாருக்கு யார் மாமியார் என்பதெல்லாம் கடைசிவரை அவருக்குத் தெரியாது. யார் வீட்டுத் தண்ணீர் எந்த வழியாக எங்கே போகிறது என்பது மட்டும் தெரியும். கடைத்தெருவில் நேருக்கு நேர் வந்தாலும் என்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார். "மொத வூடு சார், கருவேப்பிலை மரத்தாண்ட அம்மி இருக்குமே" என்றால், "அட, நீங்களா! பாசி புடிச்ச கல்லை மாத்திட்டீங்களா?" என்பார். அதையும் என் காலடி மண்ணைப் பார்த்துத்தான் கேட்பார்.

ஊர்ப்பெயரைச் சொல்லப் போவதில்லை. பாலாற்றங்கரையில், ஆம்பூர்ப் பக்கம், ரயில் நிற்பதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடுகிற, தோல் பதனிடும் தோல்ஷாப் ஊர்களில் ஒன்று. அவர் அங்கே பஞ்சாயத்து போர்டில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நோட்டீசில் அவர் போட்ட கையெழுத்தை யாராலும் படிக்க முடிந்ததில்லை. தெருவுக்கு அவர் 'புல்லு சார்'. அவர் இருக்கும்போதே அப்படித்தான் சொல்வோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, தலையில் ஒரு நெட்டித் தொப்பி. சைக்கிளில் வருவார். வாசல் பக்கம் வரவே மாட்டார். வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து ஓடியது, அதுதான் அவருடைய ராஜ்யம். ஒவ்வொரு வீட்டின் பின்கதவிலும் மணியடித்து, உள்ளே இருக்கிற பெண்கள் புடவையைச் சரிசெய்துகொள்ள நேரம் விட்டு, "தோட்டத்துக்கு வர்றேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு நுழைவார். தோட்டம் என்பது மரியாதைக்குச் சொன்னது. ஒரு முருங்கை, ஒரு வாழை, துவைக்கிற கல், சாம்பல் குவியல், இதுதான் எங்கள் எல்லோருடைய தோட்டமும்.

அதற்குத்தான் அவரிடம் எத்தனை சட்டங்கள்! முருங்கைக் கிளை சந்துக்கு மேலே நீட்டக் கூடாது, கம்பளிப்பூச்சி போகிறவர் தலையில் விழும். வேலிக் கள்ளி இடுப்புக்கு மேலே வளரக் கூடாது. உடைந்த பானையைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். சாணிக்குழி கிணற்றை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். புழக்கத்தில் இல்லாத கிணறு கொசுக் கிணறு, மண் போட்டு மூடிவிட வேண்டும். "தலை வாரிக்கிறதுக்குக் கூட இவரு நோட்டீசு குடுப்பாரு போல" என்று என் மாமியார் முணுமுணுப்பார்.

விளையாட்டுக்குச் சொன்ன சட்டங்கள் இல்லை அவை. அடுத்த தெருவில் ஒரு வீட்டுக் கிணற்றை அவர் மூட வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரம்மா, பெரியவங்க தோண்டின கிணறு என்று சொல்லிக் கிணற்றுச் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவர் தரையைப் பார்த்தபடி, "கொசுவுக்கு அது தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னார். வண்டி வண்டியாக மண் விழுந்தது. அவர் தலை நிமிரவில்லை. எனக்கு அன்று அவரைப் பிடிக்கவே இல்லை.

இதில் ஆளுக்கு ஆள் பாரபட்சமும் கிடையாது. ஒரு போர்டு மெம்பர் வீட்டுக் காகிதப்பூ வேலி பாதிச் சந்தை அடைத்துக்கொண்டிருந்தது. பூத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இவர் போய் நோட்டீஸ் கொடுத்து, ஆள் வைத்து வெட்ட வைத்துவிட்டார். மறுநாள் அவருடைய சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. உருட்டிக்கொண்டே எங்கள் சந்துக்கு வந்து, வழக்கம்போல மணியடித்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே குந்தி உட்கார்ந்துவிடுவது அவர் வழக்கம். கேள்வி வாயில் இருக்கும், கை தன்பாட்டுக்குப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். கோரை, அருகு, எதுவானாலும் சரி, வேரோடு வரும். கலவை என்கிற ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்று கேள்வி. கையில் சேர்ந்ததை எங்கே போடுவது என்று யோசிக்காமல் கால்சட்டைப் பையில் திணித்துக்கொள்வார். சந்துமுனையில் ஒரு வெள்ளாடு இதற்காகவே காத்திருக்கும். அது சைக்கிள் பின்னாலேயே ஓடி, அவர் பையில் வாயை விட்டு இழுக்கும்.

நான் குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இன்றும் நினைவிருக்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தண்ணி எங்கம்மா போவுது?"

"வெளிய போவுது சார்."

"வெளியன்னா?"

"செவுத்துக்கு அந்தாண்ட."

"அந்தாண்ட போய்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போறது போவுது, எனக்கு இன்னா சார் தெரியும்? ஒண்ணு பண்ணுங்க, சாயத்தைக் கலக்கி வுட்டுப் பாருங்க. எங்கூர்ல தண்ணி செவப்பா ஓடுனா அன்னிக்கு யார் வூட்டுல செவப்பு லுங்கின்னு தெரிஞ்சிடும்."

கிண்டலுக்குச் சொன்னேன். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு அப்படித்தான் வாயில் வரும். அவரோ எழுந்து நின்றுவிட்டார். "சாயமா! உங்ககிட்ட இருக்குதா?" என்று கேட்ட குரலில், சின்னப் பிள்ளைக்கு மிட்டாய்க் கடையைக் காட்டிய சந்தோஷம். பெட்டியில் கொஞ்சம் சிவப்புச் சாயத்தூள் மடித்து வைத்திருந்தேன். கொடுத்தேன். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து எங்கள் அங்கணத்தில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தத் தண்ணீர் பின்னாலேயே போனார்.

தெரு அலறிவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கமாகச் சிவப்புத் தண்ணீர் ஓடினால் வேறென்ன நடக்கும்? "யார் வூட்டுல இன்னாச்சு?" என்று பெண்கள் எல்லாரும் சந்துக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் மேடு, தெருவின் கடைசி பள்ளம். சாயம் சுவருக்குச் சுவர் நுழைந்து, வாழையடிகளைச் சுற்றி, சந்தில் நெளிந்து, கடைசியில் போய் நின்ற இடம் நூர்ஜஹான் அக்கா வீட்டுக் கிணற்றடி.

நூர்ஜஹான் அக்காவின் கிணற்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தெருவில் எல்லா வீட்டிலும் கிணறு உண்டு, எல்லாம் கரிக்கும். கடைசி வீட்டில், அக்காவின் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதில் வேகவைத்தால் பருப்பு கரையும். சந்துப் பக்கம் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள், தெருவே அங்கேதான் குடத்தோடு நிற்கும். அக்காவின் வீட்டுக்காரர், தோல் பதனிட வாங்குகிற மரப்பட்டைக்கு மண்டி வைத்திருந்தார், வசதியான குடும்பம்தான். ஆனால் அக்காவுக்குப் பெருமை அந்தக் கிணற்றில் இருந்தது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு அந்தத் தண்ணீர்தான் போகும். என் மாமியாருக்கு ஆயிரம் ஆசாரம் உண்டு. அந்தத் தண்ணீரில் போட்ட காப்பிக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

சிவப்புத் தண்ணீர் கிணற்றடியில் தேங்கியதைப் பார்த்ததும் அவர் அங்கேயே குந்திவிட்டார். "பீபிம்மா, தெருத் தண்ணி அத்தனையும் உங்க கிட்டதான் வருது. இது ஆவாது" என்றார். அடுத்த வாரமே ஆள் வைத்துச் சந்தோரம் கல் கால்வாய் ஒன்று வெட்ட வைத்து, கழிவுத் தண்ணீர் கிணற்றைத் தொடாமல் சுற்றிப் போகும்படி செய்தார். வேறு ஆண்கள் வந்தால் கதவுக்குப் பின்னாலிருந்துதான் அக்கா பேசுவார். இவர் ஒருவர் முன்னால்தான் முக்காட்டைப் பற்றிக் கவலைப்படாமல் நின்று பேசுவார். தலை நிமிராதவரிடம் எதற்கு மறைப்பு?

இப்படித் தண்ணீர் பின்னாலேயே போகிற மனுஷன், ஒரே ஒரு தடவை போகாமல் விட்டுவிட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் ஊரில் காய்ச்சல் ஜாஸ்தி. அடுத்த தெருவில் ஒருவரைப் புல்லுக்குள் இருந்த பாம்பு வேறு தீண்டிவிட்டது. தமுக்கடித்து அறிவித்தார்கள்: இனி எந்த வீட்டுத் தோட்டத்திலும் புல் பூண்டு இருக்கக் கூடாது, இருந்தால் நோட்டீஸ். இவர் தினம் வந்தார். நாங்கள் பிடுங்கினோம். கோரையைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும், இன்று பிடுங்கினால் நாளைக்குத் தம்பி தங்கையோடு வந்து நிற்கும். தோல்ஷாப்பிலிருந்து ஊறிய பட்டைச் சக்கையைக் கொண்டுவந்து பரப்பிப் பார்த்தோம். சக்கையைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. என் மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் வண்டிக்கார முனுசாமி வழி சொன்னான். அவன் தோல்ஷாப்புகளுக்கு வண்டியடிக்கிறவன். வெளியூரிலிருந்து வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வரும். தொட்டியில் ஊறவைக்கும் முன்னால் அந்த உப்பை உதறிக் கொட்டுவார்கள். தோல்ஷாப் சுவரோரம் அது மலையாகக் கிடந்தது. "காசு வேணாம்மா, அள்ளிட்டுப் போனா போதும்னு சொல்றாங்க. தூவி வுடுங்க, ஒரு புல்லு தலை காட்டாது" என்றான். முதலில் ஒரு வீடு, பிறகு அதைப் பார்த்து அடுத்த வீடு. மழை நின்று வெயில் வருவதற்குள் தெரு முழுக்கத் தூவியாகிவிட்டது. புல் கருகியது. தோட்டங்கள் எல்லாம் மொட்டையடித்த தலைபோல ஆயின.

புல்லு சாருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பக்கத்துத் தெருக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். "இன்னா சுத்தம் பாருங்க! ஒண்ணு இல்ல!" என்றார். வேலூரிலிருந்து மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்து, மாதிரித் தெரு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று புல்லு சார் தொப்பியை நேராக வைத்திருந்தார். நஷ்டப்பட்டது வெள்ளாடு ஒன்றுதான், அதுவும் கொஞ்ச நாள்தான். பிறகு அதுவும் இன்னும் சில ஆடுகளும் எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்து வெறும் தரையை நக்கின. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை கேள்வி கேட்கிறவர், ஆடு ஏன் மண்ணை நக்குகிறது என்று கேட்கவில்லை. எனக்கு அன்றே விநோதமாக இருந்தது.

அடுத்த மழை பெய்து ஓய்ந்தது. ஒருநாள் மாமியார் அடுப்படியிலிருந்து, "பருப்பு வேக மாட்டேங்குதுடி" என்றார். விறகைத்தான் குறை சொன்னோம். மறுநாள் பால் திரிந்தது. பால்காரனைத் திட்டினோம். பிறகு சோப்பு நுரைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் யாரோ வெறும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார்கள்.

நூர்ஜஹான் அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. குடங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பெண்கள் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி மொள்ளப் போனார்கள். சந்துக் கதவு திறந்தே கிடந்தது, ஒருவரும் வரவில்லை. நான் போனபோது அக்கா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். "நான் எதுவும் போடலடி, அல்லா மேல ஆணை. நோன்பு வருது. பள்ளிவாசல்ல இந்தத் தடவ வேற எங்கயோ தண்ணி சொல்லிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு அழுதார். பட்டை மண்டிக்காரர் வீட்டம்மா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

புல்லு சாருக்கு ஆள் அனுப்பினோம். வந்தார். ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினார். கால்வாயைப் பார்த்தார், ஒழுங்காகத்தான் இருந்தது. வீடு வீடாக மேட்டுப் பக்கம் ஏறி வந்தார். எங்கள் தோட்டத்துக்கு வந்து, வழக்கம்போலக் குந்தினார். கை தன்பாட்டுக்குத் தரையைத் தடவியது, பிடுங்க ஒன்றும் இல்லை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். பார்த்தார். நாக்கில் வைத்தார்.

அன்றுதான் முதல் தடவையாக அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் பழுப்பு நிறம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இது இன்னாம்மா?"

"உப்பு சார். தோல்ஷாப் உப்பு."

"எதுக்குப் போட்டீங்க?"

"புல்லு வரக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"எல்லாரும் போட்டாங்களா?"

"எல்லாருந்தான்."

அவர் எழுந்திருக்கவில்லை. மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் சுவர் சுவராகக் கண்ணாலேயே போய், கிணறு இருக்கும் திக்கில் நிறுத்தினார். கல் கால்வாய் மேலே ஓடுகிற தண்ணீருக்குத்தான், மண்ணுக்குள் இறங்குகிறதற்கு இல்லை. எனக்கே புரிந்துவிட்டது. பாவமாக இருந்தது. கொஞ்சம் மோர் கொண்டுவந்து வைத்தேன், தொடாமல் போய்விட்டார்.

மறுநாள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. வாசலில்! மாமியார் யாரோ விருந்தாளி என்று நினைத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். புல்லு சார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். ஒவ்வொரு வாசலிலிருந்தும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உப்பு மண்ணைச் சொரண்டி எடுத்துடணும்மா. எல்லா வூட்டுலயும். அப்பறம் புல்லு முளைச்சா முளைக்கட்டும், நான் நோட்டீசு குடுக்க மாட்டேன்."

"அன்னிக்குப் புடுங்குன்னீங்க, இன்னிக்கு முளைக்கட்டும்ங்கிறீங்க. எங்கள இன்னான்னு நெனச்சீங்க?" என்று மாமியார் பிடித்துக்கொண்டார்.

"தப்பு எம்மேலதாம்மா. புல்லெல்லாம் எங்க போச்சுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல."

மாமியார் உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

சுரண்டிய மண்ணை என்ன செய்வது? முனுசாமி வண்டியைக் கொண்டுவந்தான். "ஆத்துல கொட்டிடலாம் சார்."

"கொட்டினா?"

"கரைஞ்சி போய்டும்."

"போய்?"

முனுசாமி தலையைச் சொறிந்தான்.

"கீழ இருக்கிற ஊர்ல ஊத்துத் தோண்டித்தானப்பா குடிக்கிறாங்க. எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே வுடு" என்றார். தோல்ஷாப் காவல்காரன், வெளியே போன சரக்கு உள்ளே வராது என்று கேட்டை மூடினானாம். இவர் வண்டிக்கு முன்னால் கேட்டடியில் குந்தி, திறக்கும்வரை அங்கிருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாராம். முனுசாமி சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்த உப்புமலை அங்கே சுவரோரம் இருந்தால் யார் கிணற்றுக்குப் போகும் என்று அப்போது நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். அங்கே நோட்டீஸ் கொடுக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை.

கிணறுதான் பெரிய பிரச்சினை. குடிக்க உதவாத கிணற்றில் யாரும் இறைக்க மாட்டார்கள். இறைக்காத கிணறு புழக்கத்தில் இல்லாத கிணறு. சட்டம் அவரே வாய்ப்பாடாகச் சொன்னதுதான், மண் போட்டு மூட வேண்டும். நூர்ஜஹான் அக்கா அவரைக் கேட்டேவிட்டார்: "எப்ப சார் மண்ணு கொண்டாருவீங்க?"

அவர் கிணற்றுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இறைச்சிக்கினே இருந்தா அது புழக்கத்துல இருக்கிற கிணறும்மா" என்றார். "குடிக்கணும்னு சட்டத்துல இல்ல. நீங்க எல்லாரும் தினம் வந்து இறைங்க. கால்வாயில ஊத்துங்க. பழைய தண்ணி போனாத்தானே புதுத் தண்ணி வரும்?"

எதற்கும் உதவாத தண்ணீரை இறைத்து ஊற்றுவது என்ன வேலை? ஆனால் போனோம். அந்தக் கிணற்றைக் குடித்து வளர்ந்த தெரு அது. காலையில் ஆளுக்குக் கொஞ்சம் இறைப்போம். புல்லு சாரும் ஆபீஸ் போகும் முன்னால் வந்து, கால்சட்டையை மடித்துக்கொண்டு கயிற்றைப் பிடிப்பார். அவருக்குச் சொந்தமாகத் தோட்டம் இருக்கிறதா என்று நான் ஒருநாள் கேட்டேன். ரொம்ப நாளாக மனசில் கிடந்த கேள்வி. சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாராம். "அங்க மண்ணே இல்லம்மா" என்றார்.

காகிதப்பூ வேலிக்கார மெம்பர் சும்மா இருப்பாரா? மாதிரித் தெருவில் கெட்டுப்போன கிணறு மூடாமல் கிடக்கிறது, இன்ஸ்பெக்டர் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுகிறார் என்று வேலூருக்குத் தகவல் போய்விட்டது. அதே மேலதிகாரி அதே ஜீப்பில் வந்தார். நாங்கள் அக்கா வீட்டு வாழைக்குப் பின்னால் கூடி நின்றோம். அக்கா கதவுக்குப் பின்னால்.

"இந்தக் கிணறு கெட்டுப்போச்சாமே?"

"புழக்கத்துல இருக்குது சார்" என்றார் புல்லு சார்.

அதிகாரி ஈரக் கயிற்றைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார். "குடிக்கிறாங்களா?"

இதற்கு என்ன சொல்வது? அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. வாளியை விட்டார். இறைத்தார். அக்காவின் செம்பில் ஊற்றி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். அன்று காலையில்தான் நான் அதில் ஒரு வாய் விட்டுத் துப்பியிருந்தேன், நாக்கில் இன்னும் கரிப்பு இருந்தது. குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வெயிலு சார்" என்று சொல்லி இன்னொரு செம்பும் ஊற்றிக் குடித்தார்.

அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஜீப் சத்தம் தேய்ந்ததும் புல்லு சார் கால்வாயோரம் குனிந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார். அக்கா எலுமிச்சை சர்பத் கரைத்து, தானே கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாத்துக்கு சார் இவ்ளோ பேஜாரு? கிணறு போனா போவட்டும்" என்றார். புல்லு சார் சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "போச்சின்னா அது எங்க போவும்மா?" என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். பின்கதவு மணி அடிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "புல்லு வந்துச்சாம்மா?" புல் வந்தால் மண்ணில் உப்பு போய்விட்டது என்று அர்த்தம். மண்ணில் போனால் கிணற்றிலும் போகும் என்பது அவர் கணக்கு. எந்தப் புல்லுக்காக எங்களைப் பாடாய்ப் படுத்தினாரோ அந்தப் புல்லைக் கேட்டு வீடு வீடாக அலைந்தார். நாங்கள் கேலி செய்தோம். "நட்டு வெச்சிடவா சார்?" என்பேன். "வேணாம், தானா வரணும்" என்பார். ஒரு மழை போனது. வரவில்லை. பள்ளிவாசல் கஞ்சிக்கு வேறு கிணற்றுத் தண்ணீர்தான் போனது. அக்கா அந்த மாதம் முழுவதும் சந்துக் கதவைத் தானாகத் திறக்கவே இல்லை. நாங்கள் தட்டித் திறக்க வைத்து இறைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த வருஷ மழை நல்ல மழை. ஒருநாள் காலையில் அம்மியைக் கழுவப் போனவள், கருவேப்பிலை மரத்தடியில் பச்சையாக ஒன்று நிற்பதைப் பார்த்தேன். அருகம்புல், ஒரே ஒரு கீற்று. அலறிக்கொண்டு சந்தில் ஓடினேன். மாமியார் வந்தார், தெரு வந்தது, நூர்ஜஹான் அக்கா மேட்டுப் பக்கம் வந்ததே அன்றுதான். புல்லு சாரைச் சைக்கிளோடு பிடித்து இழுத்துவந்தார்கள்.

குந்தினார். எல்லாரும் சுற்றி நின்றோம். "எப்பம்மா பாத்தீங்க?" என்றார். காலையில் என்றேன். "நேத்து இல்லையா? நேத்து சாயங்காலம் நான் இந்தப் பக்கம் பாத்தேனே, இந்தக் கல்லாண்ட ஈரம் எந்தப் பக்கம் காயுதுன்னு..." என்று பேசிக்கொண்டே போனார்.

"சார்!" என்று நாங்கள் அத்தனை பேரும் கத்தினோம்.

அவர் தன் கையைப் பார்த்தார். அருகம்புல் வேரோடு அவர் விரலில் இருந்தது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு வேரை நாக்கில் வைத்தார். திரும்பவும் வைத்தார். நிமிர்ந்து, வட்டமாக நின்ற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நூர்ஜஹான் அக்காவிடம் வந்து நிறுத்தினார்.

"கரிக்கல பீபிம்மா" என்றார்.

அக்கா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி, பள்ளத்தைப் பார்த்து ஓடினார். கொஞ்ச நேரத்தில் அவர் கிணற்று ராட்டினம் கிரீச்சிடுவது எங்கள் தோட்டம்வரை கேட்டது.